புரண்டு படுப்பவர்கள் மெத்தையைப் புரண்டு பார்த்துத்தான் வாங்க வேண்டும்

மெத்தைக் கடைக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். உள்ளங்கையை விரித்து இரண்டு முறை அமுக்குவார்கள். ஓரத்தில் உட்கார்ந்து ஒரு குலுக்குக் குலுக்குவார்கள். நாலு பேர் பார்க்கிறார்களே என்று கூச்சப்பட்டு, அரை நிமிடம் மல்லாந்து படுத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். இரவு முழுக்க ஒரே பக்கமாகத் தூங்கி எழுகிறவருக்கு இது ஓரளவு போதும். மல்லாந்து தொடங்கி, இடப்பக்கம் ஒருக்களித்து, நடுச்சாமத்தில் வலப்பக்கம் திரும்பி, விடியற்காலையில் குப்புறக் கிடக்கிறவருக்கு அந்த அரை நிமிடம் எதையுமே சொல்லாது. அவர் பார்க்க வேண்டியது, திரும்பும்போது மெத்தை தன்னை எப்படி விடுகிறது என்பதை.

புரள்வது கெட்ட பழக்கம் அல்ல. ஒரே பக்கமாக அழுந்திக் கிடந்தால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறையும். உடம்பு தானாகத் திரும்பிக்கொள்ளும். படுக்கையில் கிடக்கும் நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்வது இதற்காகத்தான். தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. கனவு வரும் கட்டத்தில் கை கால் தசைகள் தளர்ந்து அசையாமல் கிடக்கும். அந்தக் கட்டத்தை ஒட்டித்தான் ஆள் அதிகம் புரள்வார். இந்தப் புரளல் நடக்க வேண்டியதுதான். தூக்கம் கலையாமல் நடந்தால் போதும்.

இன்னொரு வகைப் புரளல் இருக்கிறது. அது மெத்தை செய்கிற வேலை. தோள்பட்டை அழுந்தி மரத்துப்போய்த் திரும்புவது, முதுகு வேர்த்துத் திரும்புவது, நடுவில் விழுந்த குழியிலிருந்து ஏறி வெளியே வருவது. முதல் வகையில் காலையில் எழுந்தால் புரண்டதே நினைவிருக்காது. இரண்டாவது வகையில், “ராத்திரி முழுக்கப் புரண்டுக்கிட்டே இருந்தேன்” என்ற நினைவு தெளிவாக இருக்கும். உங்களுக்கு எது என்று தெரியாமல் புது மெத்தைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

பாயை நினைத்துப் பாருங்கள். கோரைப்பாயில் திரும்புவது மிக எளிது, தரை யாரையும் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. ஆனால் ஒருக்களித்தால் தோளும் இடுப்பெலும்பும் அழுந்தும், அதனாலேயே அடிக்கடி திரும்ப வேண்டியிருக்கும். தடித்த, புதைகிற மெத்தையில் கதை தலைகீழ்: அழுத்தம் இல்லை, ஆனால் திரும்ப வேண்டுமென்றால் முழங்கையை ஊன்றி எழ வேண்டும். நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மேல் இரண்டு அங்குலம் தோளை உள்ளே விட வேண்டும். அதற்குக் கீழே இருப்பது இடுப்பைத் தாங்க வேண்டும். உடம்பு நகர்ந்ததும் மேல்பரப்பு உடனே பழைய மட்டத்துக்கு எழும்ப வேண்டும். கடையில் யாரும் சோதிக்காதது இந்த மூன்றாவதைத்தான்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம்

தலைமாட்டில் ஒரு சிறு நோட்டு வையுங்கள். மூன்றே விஷயம் எழுதினால் போதும்: எப்படிப் படுத்துத் தூங்கினீர்கள், நடுவில் விழிப்பு வந்தபோது எப்படிக் கிடந்தீர்கள், காலையில் எப்படி எழுந்தீர்கள். கூடவே எந்த இடம் வலித்தது அல்லது மரத்தது என்பதையும். வீட்டில் பின்னிரவில் தண்ணீர் குடிக்க எழுகிறவர் யாராவது இருந்தால், நீங்கள் கிடக்கிற கிடையைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஏழு நாளில் ஒரு கணக்கு வந்துவிடும். புரள்கிற எல்லாரும் எல்லாப் பக்கத்துக்கும் சமமாகப் புரள்வதில்லை. பலருக்கு ஒருக்களித்த நிலைதான் பெரும்பகுதி, மற்றவை இடையில் வந்து போகிறவை. அந்தப் பெரும்பகுதி நிலைக்கு மெத்தையின் கடினத்தைத் தீர்மானித்து, மற்ற நிலைகளுக்குத் தலையணையைக் கொண்டு சரிக்கட்ட வேண்டும்.

வலியும் வழி சொல்லும். தோளும் கையும் மரத்துப்போனால் மேல் அடுக்கு போதாது. எழுந்ததும் இடுப்பு பிடித்துக்கொண்டு, நடமாடினால் அரை மணியில் விட்டுப்போனால் நடுப்பகுதி தொய்ந்திருக்கிறது. கழுத்து மட்டும் வலித்தால் மெத்தையை விடுங்கள், தலையணையைப் பாருங்கள். காலையில் பெட்ஷீட் சுருண்டு நடுவில் கூடிக் கிடந்தால், நீங்கள் திரும்பும்போது எதையோ இழுத்துக்கொண்டு திரும்புகிறீர்கள் என்று பொருள்.

எந்தப் பொருள் எப்படித் திரும்ப விடும்

மெமரி ஃபோமை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் கடையில் அரை நிமிடம் படுத்துப் பார்க்கிறவரை மயக்குவது அதுதான். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக 1966-இல் விமான இருக்கைக்கென்று உருவான பொருள் இது. உடம்புச் சூட்டுக்கு இளகி, உடம்பின் வடிவத்துக்கே குழி வாங்கிக்கொள்ளும். கையை எடுத்தால் மெதுவாகத்தான் எழும்பும். அந்த மெதுதான் புரள்கிறவருக்குச் சிக்கல். மல்லாந்து கிடந்த குழி அப்படியே இருக்க, அதன் கரையில் ஏறி ஒருக்களிக்க வேண்டியிருக்கிறது. இன்னொன்று, இதன் கடினம் அறையின் வெப்பத்தைப் பொறுத்து மாறும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ மார்கழி இரவில் பலகைபோல இருக்கும். சித்திரையில் சென்னையில் கரண்ட் போன இரவில் புதைகுழியாகும். ஏசி அறைக் கடையில் படுத்துப் பார்த்து வாங்கி, மின்விசிறி மட்டும் ஓடுகிற அறையில் போட்டால் அது வேறு மெத்தை. புரண்டு படுப்பவர் மெமரி ஃபோம் வேண்டும் என்று ஆசைப்பட்டால், அந்த அடுக்கு ஒன்றரை அங்குலத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளட்டும். மூன்று அங்குலம் வேண்டவே வேண்டாம்.

லேடெக்ஸ் நேர் எதிர் குணம் கொண்டது. ரப்பர் பாலை நுரைத்து, அச்சில் வார்த்து, வேகவைத்து எடுப்பது. முஷ்டியால் குத்தி எடுத்தால் கை வெளியே வருவதற்குள் பரப்பு எழும்பிவிடும். திரும்பும்போது அதுவே கொஞ்சம் தள்ளிவிடுகிற மாதிரி இருக்கும். அச்சின் ஊசித் துளைகள் மேலிருந்து கீழ்வரை இருப்பதால் சூடும் குறைவு. புரண்டு படுப்பவருக்கு மேல் அடுக்காக இதைவிட நல்ல பொருள் இல்லை என்பது எங்கள் தீர்மானமான கருத்து. ஆனால் கனமானது. 78-க்கு 72, ஆறு அங்குல முழு லேடெக்ஸ் மெத்தை 40 கிலோவைத் தொடும். தனியாளாகத் தூக்கிப் பெட்ஷீட் செருகுவது கஷ்டம். விலையும் அதிகம். அதனால் முழுக்க லேடெக்ஸ் வாங்காமல், மேலே இரண்டு அங்குலம் மட்டும் லேடெக்ஸ், கீழே வேறொன்று என்று வாங்குவதே புத்திசாலித்தனம். ரப்பர் ஒவ்வாமை இருக்கிறவர்கள் இந்தப் பக்கமே போகக் கூடாது. ‘நேச்சுரல்’ என்று எழுதியிருந்தாலும் செயற்கை ரப்பர் எத்தனை சதவீதம் கலந்திருக்கிறது என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஸ்பிரிங்கில் இரண்டு வகை. பானெல் ஸ்பிரிங்கில் சுருள்கள் எல்லாம் கம்பியால் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஒருவர் திரும்பினால் பக்கத்தில் இருப்பவரும் ஆடுவார். பாக்கெட் ஸ்பிரிங்கில் ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பைக்குள் இருக்கும், தோள் அழுந்திய இடம் மட்டும் இறங்கும். இருவர் படுக்கிற, அதில் ஒருவர் புரள்கிற கட்டிலுக்கு பாக்கெட் ஸ்பிரிங்தான் சரி. பானெல் விலை குறைவு என்பதற்காக வாங்கினால் புரள்கிறவர் தூங்குவார், பக்கத்தில் இருப்பவர் விழித்திருப்பார்.

தேங்காய் நார் மெத்தை, அதாவது சுருட்டிய நாரில் ரப்பர் பால் தெளித்து அழுத்திய பலகை, காற்றோட்டத்தில் முதலிடம். வேர்க்கிற ஊருக்கு ஏற்றது. தனியாக நாலு அங்குலம் போட்டால் ஒருக்களிக்கிறவரின் தோளுக்குக் கடினம்; அடித்தளமாக வைத்து மேலே இரண்டு அங்குலம் லேடெக்ஸ் போட்டால் நல்ல சேர்மானம். வருடம் போகப்போக நார் முறிந்து தூளாகக் கொட்டும். தினமும் ஒரே ஓரத்தில் உட்கார்ந்து செருப்பு மாட்டுகிற இடம்தான் முதலில் உடையும்.

இலவம்பஞ்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், போடிநாயக்கனூர்ப் பக்கத்துப் பஞ்சை விரும்பி வாங்குகிற வீடுகள் இன்னும் எவ்வளவோ இருக்கின்றன. சூடு பிடிக்காது, கை வைத்தால் குளிர்ச்சி. ஆனால் பஞ்சுக்குத் தானாக எழும்பும் சக்தி கிடையாது. நேற்று படுத்த இடம் இன்று பள்ளமாகவே இருக்கும். ஒரே பக்கம் படுப்பவருக்கு அந்தப் பள்ளம் பழகிவிடும். புரள்கிறவருக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் மேடும் பள்ளமும் தட்டுப்படும். வாரம் ஒருமுறை புரட்டிப் போட்டு, மாதம் ஒருமுறை மொட்டை மாடியில் வெயில் காட்டி, ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை பிரித்து அடித்துத் தைக்க முடிகிற வீட்டுக்கு அது சரி. வாங்கும்போது கலப்படம் பார்க்க எளிய வழி உண்டு. ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, விளக்குத் திரி திரிப்பதுபோல் திரியுங்கள். பருத்திப் பஞ்சு முறுக்கேறித் திரியாக நிற்கும். இலவம்பஞ்சு இழை வழுவழுப்பானது, குட்டையானது. முறுக்குப் பிடிக்காமல் வழுக்கிப் பிரிந்துவிடும். மூட்டையின் மேலிருந்து பார்க்காமல், கையை உள்ளே விட்டு நடுவிலிருந்து எடுத்துத் திரித்துப் பாருங்கள்.

வெயில் என்றதும் ஒரு எச்சரிக்கை. பஞ்சு மெத்தையைக் காய வைத்த பழக்கத்தில் லேடெக்ஸையோ ஃபோமையோ நேர் வெயிலில் போடாதீர்கள். வெயில் பட்டால் ரப்பர் வெடித்துப் பொடியும், ஃபோம் மஞ்சளித்து உதிரும். நிழலில், காற்றில், ஓரத்தில் நிறுத்தி வைத்தால் போதும்.

டென்சிட்டியை எடைபோட்டுப் பாருங்கள்

“சார், இது நாற்பது டென்சிட்டி, கல்லு மாதிரி இருக்கும்” என்று கடைக்காரர் சொன்னால் அவர் இரண்டு வேறு விஷயங்களைக் குழப்புகிறார். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். அது எத்தனை நாள் உழைக்கும் என்பதைச் சொல்லும். கடினமா மென்மையா என்பது வேறு. 40 டென்சிட்டியில் மென்மையான ஃபோமும் உண்டு, 23 டென்சிட்டியில் விறைப்பான ஃபோமும் உண்டு. இரண்டாவது வகை சீக்கிரமே குழி விழும். புரள்கிறவரின் மெத்தையில் அடித்தளம் 32-க்குக் கீழே போகக் கூடாது, 40 இருந்தால் நிம்மதி. ஃபோமிலேயே வாங்குவதென்றால் ‘எச்.ஆர்.’ என்று சொல்கிற, சீக்கிரம் மீள்கிற வகையைக் கேளுங்கள்.

சொன்ன டென்சிட்டி உண்மையா என்று எடைபோட்டே கண்டுபிடிக்கலாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61,000-ஆல் வகுத்தால் கன மீட்டர் வரும். 75-க்கு 60, ஆறு அங்குல மெத்தைக்கு 27,000-ஐ 61,000-ஆல் வகுத்தால் 0.44. அது முழுக்க 40 டென்சிட்டி என்றால் ஃபோம் மட்டும் ஏறக்குறைய 17.7 கிலோ இருக்க வேண்டும். 32 என்றால் 14.2 கிலோ. மேலுறைக்கு இரண்டு மூன்று கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தமே 13 கிலோ காட்டினால் பேச்சுக்கே இடமில்லை. எடை சரியாக இருந்தும் ஏமாறுவது ஒரு விதத்தில் நடக்கும்: சுண்ணாம்புத் தூள் கலந்த ஃபோம். ஜிப்பைத் திறந்து வெட்டிய ஓரத்தை விரலால் தேய்த்தால் நறநறவென்று மாவு ஒட்டும். ஜிப் இல்லாத, திறந்து காட்ட மறுக்கிற மெத்தையை வாங்காதீர்கள்.

‘ஆர்த்தோ’ என்ற சொல்லுக்கு அளவுகோல் எதுவும் இல்லை. பெரும்பாலும் கடினமான மெத்தைக்கு ஒட்டுகிற பெயர் அது. முதுகுவலிக்குக் கட்டாந்தரைதான் நல்லது என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்ளும். 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்றில், நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரில் ஒரு சாராருக்குக் கடினமான மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தரக் கடினமும் கொடுத்து 90 நாள் பார்த்தார்கள். நடுத்தரத்தில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. புரள்கிறவருக்கும் நடுத்தரம்தான் தொடக்கப் புள்ளி. அங்கிருந்து உடல் எடைக்கு ஏற்ப நகர வேண்டும்.

55 கிலோவுக்குக் கீழே உள்ளவர் மெத்தையை அவ்வளவாக அழுத்துவதில்லை. அவருக்கு நாலு அங்குல அடித்தளமும் மென்மையான இரண்டு அங்குல மேல் அடுக்கும் போதும். 55 முதல் 85 கிலோவரை, நாலு அங்குலம் 40 டென்சிட்டி ஃபோமோ ரப்பர் நாரோ, மேலே இரண்டு அங்குலம் நடுத்தர லேடெக்ஸ். 85-க்கு மேல் போனால் மொத்தம் எட்டு அங்குலம் வேண்டும். ஆறு அங்குலம் பாக்கெட் ஸ்பிரிங் அல்லது விறைப்பான ஃபோம், மேலே இரண்டு அங்குலம் சற்று இறுக்கமான லேடெக்ஸ். பாதி இரவுக்கு மேல் குப்புறப் படுப்பவர் எந்த எடையானாலும் ஒரு படி கடினமாக எடுக்க வேண்டும், இல்லையென்றால் வயிறு இறங்கி இடுப்பு வில்லாக வளையும். மேலே தனியாக மெத்தை தைத்ததுபோல் உப்பிக்கொண்டிருக்கும் ‘பில்லோ டாப்’ வகை பார்க்க அழகு, முதலில் அமுங்குவதும் அதுதான். அமுங்கியபின் நடுவில் பள்ளமும் ஓரத்தில் மேடும் நிற்கும்.

கடையில் இருபது நிமிடம்

சாப்பிட்ட உடனே போகாதீர்கள். ஜீன்ஸ் போட்டுப் போகாதீர்கள், அந்தத் துணியின் உராய்வு தப்பாகக் காட்டும். வீட்டுத் தலையணையைக் கையோடு எடுத்துப் போங்கள். காட்சிக்கு வைத்த மெத்தையின் மேல் பிளாஸ்டிக் உறை இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக்கில் எந்த மெத்தையும் வழுக்கிக்கொண்டு திரும்பும், சோதனையே பொய்யாகிவிடும்.

முதல் பத்து நிமிடம் உங்கள் பெரும்பகுதி நிலையில் அசையாமல் படுங்கள். மல்லாந்தால், இடுப்பு வளைவுக்கு அடியில் கையை விடுங்கள்: தாராளமாகப் போய் வந்தால் கடினம், நுழையவே இல்லையென்றால் புதைகிறது, லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. ஒருக்களித்தால், கூட வந்தவரை முதுகுப் பக்கமிருந்து போனில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பிடரியிலிருந்து வால் எலும்பு வரை கோடு நேராக இருக்க வேண்டும். இடுப்பு மட்டும் இறங்கியிருந்தால் அடித்தளம் பலவீனம். தோள் உள்ளே போகாமல் தலை பக்கம் கோடு மேலேறினால் மேல் அடுக்கு கடினம்.

அடுத்துப் புரளும் சோதனை. முழங்காலை மடக்கி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, மல்லாந்ததிலிருந்து இடப்பக்கம், மறுபடி மல்லாந்து, வலப்பக்கம், கடைசியாகக் குப்புற. இந்தச் சுற்றை ஐந்து முறை செய்யுங்கள். முழங்கையை ஊன்ற வேண்டியிருக்கிறதா, மூச்சைப் பிடித்து உந்த வேண்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். விழித்திருக்கும்போது மூச்சுப் பிடித்தால், தூக்கத்தில் அந்த உந்தலுக்கு விழிப்பு வந்தே தீரும். ஐந்தாவது சுற்றில்தான் வித்தியாசம் தெரியும். அதற்குள் மேல் அடுக்கு உடம்புச் சூட்டுக்கு இளகியிருக்கும்.

எழுந்ததும் ஒரு முழங்காலை மெத்தையில் ஊன்றி ஒரு நிமிடம் நில்லுங்கள். காலை எடுத்துவிட்டுக் குனிந்து, கண்ணை மெத்தை மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். லேடெக்ஸில் குழி அக்கணமே மறையும். நல்ல எச்.ஆர். ஃபோமில் ஒரு நொடி. கிண்ணம்போலக் குழி நின்று, அதன் விளிம்பு மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்து மூடுவதை உட்கார்ந்து பார்க்க முடிகிறது என்றால், அந்தக் குழியிலிருந்துதான் நீங்கள் ஒவ்வொரு இரவும் ஏறி வர வேண்டியிருக்கும்.

கடைசியாக ஓரம். புரண்டு புரண்டு விளிம்புக்கு வந்து ஒருக்களித்துப் படுங்கள். ஓரம் சரிந்து கீழே தள்ளுகிறதென்றால் புரள்கிறவருக்கு அந்தக் கட்டிலின் அகலத்தில் இருபுறமும் நாலு நாலு அங்குலம் வீண். தனியாளுக்கே 36 அங்குலம் நெருக்கடி, இடமிருந்தால் 48 போடுங்கள். இருவருக்கு 60 போதாது, 72 வேண்டும்.

இருவர் படுப்பதென்றால் இருவரும் போய்த்தான் பார்க்க வேண்டும். பாதி டம்ளர் தண்ணீரை ஒரு தட்டில் வைத்து மெத்தையின் ஒரு பக்கம் வையுங்கள். மறுபக்கம் ஒருவர் புரளட்டும். தண்ணீர் லேசாக ஆடலாம், தட்டில் சிந்தக் கூடாது. கணவன் மனைவி எடையில் 25, 30 கிலோ வித்தியாசம் இருந்தால் ஒரே மெத்தையில் இருவருக்கும் நியாயம் செய்வது கடினம். 78-க்கு 36 அளவில் இரண்டு ஒற்றை மெத்தைகளை வெவ்வேறு கடினத்தில் வாங்கி, 72 அங்குலக் கட்டிலில் சேர்த்துப் போட்டு, சுற்றிலும் ஒரு நாடாப் பட்டையால் இறுக்கிக் கட்டினால் பிரச்சினை தீரும். உயரம் மட்டும் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கட்டில், விரிப்பு, தலையணை

தச்சரிடம் செய்த கட்டில்கள் அரை அங்குலம், ஒரு அங்குலம் முன்னே பின்னே இருக்கும். உள் அளவை மூன்று இடத்தில் எடுத்து, குறைந்த அளவுக்கு மெத்தை வாங்குங்கள். அளவு சொல்லி வெட்டி வாங்கிய மெத்தையைப் பல கடைகள் திரும்ப எடுப்பதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். சட்டங்களுக்கு நடுவே இடைவெளி மூன்று அங்குலத்தைத் தாண்டினால் ஃபோம் அதில் இறங்கும். பிளைவுட் பரப்பு என்றால் 12 மி.மீ. தடிமன் வேண்டும், அடிக்கொரு துளை இருந்தால் காற்று போகும். கீழே பெட்டி வைத்த ஸ்டோரேஜ் கட்டிலில் ஐப்பசி கார்த்திகை மழையில் மெத்தையின் அடிப்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். வாரம் ஒருமுறை மெத்தையைத் தூக்கி நிறுத்தி மின்விசிறி ஓட விடுங்கள்.

நல்ல மெத்தையைக் கெடுப்பது பெரும்பாலும் அதன் மேல் போடுகிற பொருள்தான். தடித்த ரப்பர் அடித்த வாட்டர்புரூஃப் உறையை இழுத்து மாட்டினால் அது முரசுத் தோல்போல நின்று, தோளை உள்ளே விடாது, வேர்க்கவும் வைக்கும். மெல்லிய, நெகிழ்கிற உறை போதும். விரிப்பு, நெருக்கமாக நெய்த வழுவழுப்பான பருத்தியாக, நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்ததாக இருக்கட்டும். கரூர்ப் பருத்தி விரிப்பு இதற்குப் பொருத்தம். சொரசொரப்பான துணி, நைட்டியையோ லுங்கியையோ பிடித்து இழுத்து நிறுத்தும்.

தலையணையில்தான் எல்லாரும் தோற்கிறார்கள். ஒருக்களித்தால் தோளுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நிரப்ப நாலு முதல் ஐந்து அங்குலம் வேண்டும். மல்லாந்தால் மூன்று போதும். குப்புறப் படுத்தால் ஒரு அங்குலம்கூட அதிகம். ஒரே தலையணை மூன்றுக்கும் எப்படி? இங்கேதான் இலவம்பஞ்சு ஜெயிக்கிறது. மெத்தையில் குறையாக இருந்த அதே குணம் தலையணையில் நிறை. பஞ்சைக் கொஞ்சம் எடுத்துத் தளர்த்தி, நடுவைக் கையால் தட்டிப் பள்ளமாக்கி, இரு ஓரத்தையும் உயர்த்தி விடுங்கள். மல்லாந்தால் தலை நடுப் பள்ளத்தில், திரும்பினால் தானாக உயர்ந்த ஓரத்தில். குப்புறத் திரும்பும்போது கையால் ஒதுக்கினால் ஒதுங்கிவிடும். வார்த்தெடுத்த கட்டியான மெமரி ஃபோம் தலையணை இப்படி இடம் கொடுக்காது.

வந்தபின்

சுருட்டிப் பெட்டியில் வந்த மெத்தை முழு உயரத்துக்கு எழும்ப 24 முதல் 72 மணி நேரம் ஆகும். அதுவரை அளவு பார்த்துக் குறை சொல்லாதீர்கள். வாசனை போக ஜன்னலைத் திறந்து வையுங்கள். 100 இரவு சோதனைக்காலம் கொடுக்கிறார்கள் என்றால், திரும்ப எடுக்க ஆள் வருமா, உறை பிரிந்திருந்தாலும் எடுப்பார்களா என்பதை வாங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். தரையில் படுத்துப் பழகிய உடம்புக்கு முதல் பத்து நாள் இடுப்பில் ஏதோ மாதிரி இருக்கும், மூன்று நான்கு வாரம் பொறுக்கலாம். கை மரத்துப்போவது மட்டும் இரண்டு வாரம் தாண்டியும் தொடர்ந்தால் அது பழகாது, திருப்பிக் கொடுங்கள்.

இடுப்பு வலி இருப்பவர்கள் திரும்பும்போது முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாக, ஒரு மரக்கட்டை உருள்வதுபோல் உருளப் பழகுங்கள். மேல் உடம்பு முதலிலும் இடுப்பு பின்னாலும் திரும்புகிற முறுக்குத்தான் பிடித்துக்கொள்ளும். கர்ப்பிணிகள் மல்லாந்து திரும்பிவிடாதிருக்க முதுகுப் பக்கம் ஒரு நீளத் தலையணையும் முழங்கால்களுக்கு நடுவில் ஒன்றும் வைத்துக்கொள்ளலாம். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மட்டும் இங்கே சொன்ன மென்மைக் கணக்கு எதுவும் பொருந்தாது; அதற்குச் சமதளமான, விறைப்பான படுக்கையும் மல்லாந்த கிடையும்தான்.

எந்த மெத்தையிலும் புரள்கிறவர்கள் சிலர் உண்டு. படுத்ததும் காலை அசைத்தே தீர வேண்டும் என்ற குடைச்சல், குறட்டை நடுவில் மூச்சு நின்று திணறி விழிப்பது, படுத்தால் நெஞ்சு எரிவது, இவற்றில் ஒன்று இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். கால் குடைச்சலுக்கு இரும்புச்சத்துக் குறைவு ஒரு காரணமாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிவதற்கு மெத்தைக் கடையில் விடை இராது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடாக மெத்தையைத் திருப்பிப் போடுங்கள். அடுக்கு வைத்த மெத்தையைக் கவிழ்த்துப் போடாதீர்கள், மேல் அடுக்கு அடியில் போய்விடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, விரிப்பை எடுத்துவிட்டு, மெத்தையின் குறுக்கே ஒரு தையல் நூலை இருவர் இழுத்துப் பிடித்து, இடுப்பு படுகிற இடத்தில் நூலிலிருந்து மெத்தை வரை ஸ்கேலால் அளந்து பாருங்கள். அரை அங்குலம் இயல்பு. ஒரு அங்குலத்தைத் தாண்டினால் உத்தரவாத அட்டையை எடுங்கள், நூலும் ஸ்கேலும் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்புங்கள். அந்தக் குழியின் மேல் புதிதாக இரண்டு அங்குல டாப்பர், அதாவது மெத்தைக்கு மேல் விரிக்கிற மெல்லிய மெத்தை, வாங்கிப் போட்டு மூடிவிடலாம் என்று நினைக்காதீர்கள். டாப்பரும் அதே குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். புது மெத்தை வரும்வரை, மடித்த போர்வையை மெத்தைக்கு அடியில், குழிக்கு நேர் கீழே வைத்து முட்டுக்கொடுங்கள்.